காது குத்தியாச்சு, இனி என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இ.என்.டி. கிளினிக்கில் டிரெஸ்ஸிங் அறை என் பொறுப்பு. தை, மாசியில் குலதெய்வக் கோயில்களில் காது குத்து நடந்து முடிந்தால், அடுத்த வாரமே மொட்டைத் தலையும் வீங்கிய காதுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கல்லூரிக்கு லீவு விட்டால் மேல்காது குத்திக்கொண்ட பெண்களும் பையன்களும் வருவார்கள். ஆள்தான் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே சேர்த்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி என்று வரும் இடத்தில் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கண்டுகொள்ளாமல் விட்டுக் கெட்ட காதை விட, ஆளாளுக்குக் கைவைத்துக் கெட்ட காதுதான் எங்களிடம் அதிகம் வருகிறது.

"சிஸ்டர், நேத்துதான் குத்தினோம். காது செவந்து லேசா வீங்கியிருக்கு. செப்டிக் ஆயிடுச்சா?"

இல்லை. குத்திய இரண்டு மூன்று நாளைக்குச் சிவப்பு, லேசான வீக்கம், தொட்டால் சூடு, விண்விண் என்று ஒரு வலி எல்லாம் இருக்கத்தான் செய்யும். தெளிவாகவோ வெளிர்மஞ்சளாகவோ கொஞ்சம் நீர் கசிந்து, தோட்டைச் சுற்றிக் காய்ந்து பொருக்காக நிற்கும். அது சீழ் இல்லை, புண் ஆறும்போது ஊறுகிற நீர்.

பார்க்க வேண்டியது, நாளுக்கு நாள் குறைகிறதா கூடுகிறதா என்பதைத்தான். முதல் நாளை விட மூன்றாம் நாள் தேவலை என்றால் கவலை வேண்டாம். நான்காம் நாள் முன்பை விட அதிகமாக வலித்தால், கீழே சீழ் பற்றிய கேள்விக்குப் போங்கள்.

"எத்தனை நாள்ல ஆறும்?"

கீழ்க்காது, அதாவது எலும்பில்லாத மெத்தென்ற சதை, 6 முதல் 8 வாரம். மேல்காது குறைந்தது 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரைக்கும் இழுக்கும். மேல்காதில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். அதனால்தான் அங்கே ஆறுவதும் மெதுவாக நடக்கிறது, கெட்டால் மோசமாகக் கெடுகிறது.

இன்னொன்று. புதுத் தோல் ஓட்டையின் இரண்டு வாயிலிருந்தும் உள்நோக்கி வளரும். வெளியே பார்க்க ஆறிவிட்ட மாதிரி இருக்கும், நடுவில் இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். "மூணு வாரம் ஆச்சு, வலியே இல்ல, அதான் தோடு மாத்தினேன்" என்று வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

"தெனமும் எதை வச்சுக் கழுவணும்?"

நார்மல் சலைன். மெடிக்கலில் 0.9% உப்புக் கரைசல் என்று கேட்டால் 100 மில்லி பாட்டிலிலேயே கிடைக்கும். உடைத்த பாட்டிலை வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். கெடாமல் இருக்க அதில் எதுவும் சேர்ப்பதில்லை, ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். கிடைக்காத ஊரில், நன்றாகக் கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது சுமார் 250 மில்லியில், கால் டீஸ்பூன் தூள் உப்பு போட்டுக் கரையுங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் மண் இருக்கும். "சீக்கிரம் ஆறட்டும்" என்று உப்பைக் கூட்டாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும்.

செய்யும் முறை: முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். சுத்தமான காஸ் துணியைக் கரைசலில் நனைத்து, தோட்டின் முன்னாலும் பின்னாலும் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வையுங்கள். பொருக்கு ஊறித் தானாகத் துணியோடு வந்துவிடும். வராததை நகத்தால் சுரண்ட வேண்டாம், சாயந்தரம் வரும். அப்புறம் ஈரம் போக ஒற்றி எடுங்கள். காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போதும். பஞ்சு மட்டும் வேண்டாம். அதன் இழை திருகாணியின் மரையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். இரண்டு மாதம் கழித்து அதை இடுக்கியால் எடுக்கும்போது குழந்தை போடும் சத்தம் வாசல் வரை கேட்கும்.

"உப்புத் தண்ணியில என்ன ஆகும்? எங்க வீட்ல எதுன்னாலும் டெட்டால்தான். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடுகூட இருக்கு."

மூன்றும் வேண்டாம். கிருமியைக் கொல்லும், சரிதான். புதிதாக வளர்கிற தோலையும் சேர்த்தே கொல்லும். தினமும் போட்டால் ஓட்டையைச் சுற்றித் தோல் வறண்டு வெடித்து, ஆறுவது இன்னும் தள்ளிப்போகும். தண்ணீர் கலக்காத டெட்டால் பட்டு வெந்துபோன காதோடு வந்த கைக்குழந்தைகள் உண்டு. ஸ்பிரிட்டுக்கு வேலை குத்துவதற்கு முன்னால் தோலைத் துடைப்பதோடு முடிந்தது.

"மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வச்சுத்தானம்மா நாங்கல்லாம் காது வளத்தோம்? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

இதைக் கேட்பது எப்போதும் பாட்டிதான். மஞ்சளில் வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் தூள் கிருமி நீக்கியது இல்லை, ஸ்பூன் அதே டப்பாவுக்குள்தான் எத்தனையோ தடவை போய் வந்திருக்கும். எண்ணெயில் குழைத்து அப்பினால் ஓட்டையின் வாய் அடைத்துக்கொள்ளும், கசிகிற நீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். தெருத்தூசி வேறு வந்து ஒட்டும். எங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது: காது முழுக்க மஞ்சளாக இருந்தால் உள்ளே எவ்வளவு சிவந்திருக்கிறது என்றே தெரியாது. கழுவிவிட்டுத்தான் டாக்டரிடம் காட்ட முடியும்.

பாட்டி காலத்தில் ஆறியதற்கு மஞ்சளை விட, ஆசாரி போட்ட மெல்லிய தங்கக் கம்பிக்குத்தான் நான் மார்க் போடுவேன். கனமில்லாத கம்பி, காற்றோட்டமான வளையம், பின்னால் இறுக்கிப் பிடிக்கும் திருகாணி கிடையாது. காது நன்றாக ஆறிய பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் தப்பில்லை, அதுவரை பொறுங்கள் பாட்டி.

"மெடிக்கல்ல கேட்டதும் ஒரு டியூப் குடுத்தாங்க. பூசட்டுமா?"

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் பூசாதீர்கள். கடையில் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் பல டியூபுகளில் ஸ்டீராய்டும் ஆன்ட்டிபயாடிக்கும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கிவிடும். ஆஹா ஆறிவிட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் இருக்கும் நியோமைசின் என்ற மருந்தே சிலருக்கு அலர்ஜி ஆகிவிடும்.

"தோட்டை தெனமும் திருகிவிடணும்னு குத்துனவங்க சொன்னாங்க. இல்லன்னா ஒட்டிக்குமாமே?"

இதில் ஒருமித்த கருத்து இல்லை. லேசாகத் திருகச் சொல்லும் தோல் டாக்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊசியால் குத்துவதையே தொழிலாகச் செய்பவர்களின் சங்கங்கள் திருகவே கூடாது என்கின்றன. நான் பார்த்த வரைக்கும் இரண்டாவது பக்கம்தான் என் ஓட்டு. வழவழப்பான உலோகத்தில் தோல் ஒட்டுவதில்லை, ஒட்டுவது காய்ந்த பொருக்கு. அது காய்ந்திருக்கும்போது திருகினால், கண்ணாடித் துண்டு மாதிரி அந்தப் பொருக்கு உள்ளே போய்ப் புதுத் தோலைக் கிழிக்கும். மறுபடி நீர் கசியும், மறுபடி பொருக்கு. அடுத்த நாள் மறுபடி திருகல்.

திருகாமல் மனசு கேட்கவில்லை என்றால், மேலே சொன்னபடி ஊற வைத்துப் பொருக்கு முழுவதும் போன பிறகு, கழுவிய கையால் ஒரே தடவை லேசாக அசைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

"பாப்பாவுக்கு எத்தனையாவது மாசம் குத்தலாம்? வீட்ல ஏழுங்கிறாங்க, ஒம்பதுங்கிறாங்க."

ஒற்றைப்படை மாதம் பார்ப்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. எனக்கு வேண்டியது தடுப்பூசி அட்டை. 6, 10, 14 வாரங்களில் போடும் மூன்று தவணையும் முடிந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிவரும், ஒரு தோட்டுக்காக அந்த ஆபத்து எதற்கு? ஏழோ ஒன்பதோ, இரண்டுமே அதைத் தாண்டித்தான் வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பிள்ளை தன் காதைத் தானே பார்த்துக்கொள்ளும் வயசு வரட்டும் என்கிறது. நம் வீடுகளில் அதற்கு யாரும் காத்திருக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நாள் குறித்தாச்சு, தாய்மாமன் சீர் வரிசையோடு கிளம்பியாச்சு, பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றால் குத்தாதீர்கள். மொட்டை மட்டும் போட்டுவிட்டு வாருங்கள், காதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், கைக்குழந்தைக்குக் கழன்று விழுகிற மாதிரி தோடு வேண்டாம். கையில் கிடைப்பது வாய்க்குத்தான் போகும், மூச்சுக் குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

"அதுக்குன்னு தனியா டி.டி. ஊசி போடணுமா?"

அட்டவணைப்படி தடுப்பூசி போட்டு வந்திருந்தால் தனியாகத் தேவையில்லை. பெரியவர்களுக்குக் கடைசியாகப் போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

"ஆசாரிகிட்ட குத்தலாமா, நகைக்கடை துப்பாக்கியா, இல்ல டாக்டர்கிட்டயே போகலாமா?"

யார் குத்துகிறார்கள் என்பதை விட எப்படிக் குத்துகிறார்கள் என்று பாருங்கள். துப்பாக்கியில் ஸ்பிரிங் விசையில் தோட்டின் தண்டே சதையைத் துளைத்துக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் உடம்பு கொண்ட துப்பாக்கியை 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது, உருகிவிடும். ஒருவருக்கு ஒன்று என்று சீல் உடைத்து மாட்டும் கேட்ரிட்ஜ் இருந்தால் கீழ்க்காதுக்குப் பரவாயில்லை. மேல்காதுக்குத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், அந்த அடியில் குருத்தெலும்பு நசுங்கும்.

ஆசாரி குத்தும்போது கம்பி ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதுதானே காதில் நிற்கப் போகிறது. நான் பயப்படுவது அந்தக் குறட்டுக்கு. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை வரிசையாக உட்கார வைத்து, முதல் பிள்ளையின் ரத்தம் பட்ட குறட்டாலேயே நாலாவது பிள்ளைக்கும் கம்பியை வளைப்பார்கள். ஹெபடைடிஸ் பி, சி போன்றவை பரவ அந்த ரத்தமே போதும். குறட்டை நடுநடுவே கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், கை கழுவச் சொல்லுங்கள், முடிந்தால் ஆளுக்கொரு கையுறை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நல்ல ஆசாரி கோபப்பட மாட்டார். குத்தி முடிந்ததும் கம்பியின் நுனி உள்ளே மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டு, பிள்ளை திரும்பிப் படுக்கும்போதெல்லாம் கழுத்தில் கோடு கோடாகக் கீறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"மொட்டையும் காது குத்தும் ஒரே நாள்தான். தலையில தடவுற சந்தனம் காதுல வழியுதே?"

மொட்டை, குளியல், நன்றாகத் துவட்டல், அதற்கு அப்புறம் காது என்ற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். காதைக் குத்திவிட்டு மொட்டை போட்டால் வெட்டிய முடி புண்ணில் ஒட்டும். சந்தனத்தை உச்சந்தலையோடு நிறுத்துங்கள். வெயிலில் வேர்வையோடு கரைந்து காது மடலின் மடிப்பு வழியாக இறங்கித் தோட்டடியில் தேங்கி, சாயந்தரத்துக்குள் கட்டியாகக் காய்ந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் பிய்க்காமல் சலைனில் ஊற வைத்து எடுங்கள்.

"தலைக்கு எப்ப ஊத்தலாம்? லீவுக்குக் குற்றாலம் போறோம்."

மறுநாளே குளிக்கலாம். ஓடுகிற சுத்தமான தண்ணீர் காதுக்கு நல்லதுதான். ஷாம்பூ, சீயக்காய் நுரை தோட்டடியில் தங்காமல் அலசிவிட்டுத் துவட்டுங்கள். எண்ணெய்க் குளியலையும் தலைக்கு டை அடிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

அருவி, கிணறு, கோயில் குளம், கடல், நீச்சல் குளம் எதுவுமே கீழ்க்காதுக்கு முதல் ஆறு வாரம் கூடாது, மேல்காதுக்கு இன்னும் அதிக நாள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடியே ஆக வேண்டும் என்றால், காது குத்தை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அருவியில் தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை, நெரிசலில் பக்கத்து ஆளின் முழங்கையும் துண்டும் வந்து மாட்டும்.

"ஹெல்மெட், ஹெட்போன், தூக்கம்... இதெல்லாம்?"

குத்திய பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். போனை மறுகாதில் வைத்துப் பேசுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருக்க முடியாது, போடாமலும் இருக்கக் கூடாது. இரண்டு கையாலும் வாரை அகலமாக விரித்து, காதில் உரசாமல் நேராக மேலே தூக்குங்கள். காது முழுவதையும் மூடுகிற ஹெட்போன் ஆறும் வரை வேண்டாம்.

கைக்குழந்தைக்கு எதிரி அம்மாவின் சேலைதான். தோளில் சாய்த்துக்கொள்ளும்போது ஜரிகை நூல் தோட்டில் மாட்டும், பிள்ளை தலையைத் திருப்பும், அவ்வளவுதான். ஆறும் வரை வீட்டில் பருத்தி உடையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

"கத்தரிக்காய், கருவாடு எதுவும் சேக்கக் கூடாது, கரப்பான் பண்டம்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா?"

கத்தரிக்காய் சாப்பிட்டால் காதில் சீழ் வைக்காது. ஏற்கெனவே கருவாடோ இறாலோ சாப்பிட்டால் தடிப்பும் அரிப்பும் வருகிற உடம்பு என்றால், அது எப்போதும் ஆகாது, காது குத்தினால் மட்டும் என்றில்லை. முட்டை, பருப்பு, பழம் என்று நன்றாகச் சாப்பிடுங்கள், புண் ஆறப் புரதம் வேண்டும். மாமியாரிடம் இதற்காகச் சண்டை போட வேண்டாம். இரண்டு வாரம் கத்தரிக்காய் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

"தங்கம்தான் போட்டிருக்கோம். அப்புறம் ஏன் இப்படி அரிக்குது?"

எந்தத் தங்கம் என்று பாருங்கள். 22 காரட்டில் 91.6% தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 18 காரட்டில் 75%தான். வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலப்பதும் உண்டு. தோலில் பட்டு அலர்ஜி உண்டாக்குவதில் உலகம் முழுக்க முதல் குற்றவாளி இந்த நிக்கல்தான். ஐரோப்பாவில் குத்திய ஓட்டைக்குள் நிற்கும் தண்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலைக் கசியவிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. குழந்தைத் தோடு அநேகமாக அந்தக் கணக்கில்தான் வரும். ஆகவே நம்பகமான கடையில், தண்டும் திருகாணியும்கூட 22 காரட்தானா என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.

கவரிங், வெள்ளி இரண்டும் புதுக் காதுக்கு வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. பலருக்கு ஒத்துக்கொள்ளும், அலர்ஜி உடம்புக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு உடம்புக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் நல்லது. அலர்ஜியா சீழா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: அலர்ஜி என்றால் வலியை விட அரிப்பு தூக்கலாக இருக்கும், இரண்டு காதிலும் வரும், பொரிப்பொரியாகக் கீழே பரவும். கைக்கடிகாரத்தின் பின்பக்கமோ ஜீன்ஸ் பட்டனோ பட்ட இடத்தில் முன்பே அரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

"சீழ்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? உடனே தோட்டைக் கழட்டிடணுமா?"

கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ, நாற்றத்தோடு வருவது சீழ். கூடவே சிவப்பு தோட்டைத் தாண்டிப் பரவும், காது கொதிக்கும், தொட விடாது. காய்ச்சலும் காதுக்குக் கீழே நெறி கட்டுவதும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கைக்குழந்தைக்கு இதில் எது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே.

தோட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஓட்டையின் வாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளேயே கட்டி நிற்கும். தோடு இருந்தால் அதைச் சுற்றியே வடிந்துவிடும். கழற்ற வேண்டியதா என்பதை டாக்டர் சொல்வார். மேலே அலர்ஜி என்று சொன்னேனே, அந்த இடத்தில் மட்டும் கணக்கு வேறு. அந்த உலோகம் போக வேண்டும், ஆனால் ஓட்டை தூராமல் இருக்க உடனே வேறு தோட்டை ஏற்றிவிட வேண்டும்.

"மேல்காது குத்தி ரெண்டு வாரம் ஆச்சு. திடீர்னு மேல்பாதி மொத்தமும் வீங்கிச் செவந்துடுச்சு, கீழ்க்காது மட்டும் நல்லா இருக்கு."

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். குருத்தெலும்பின் சவ்வில் கிருமி இறங்கியிருக்கிறது. கீழ்க்காதில் குருத்தெலும்பு இல்லாததால் அது மட்டும் தப்பித்து நிற்கும், அதுவே பெரிய அடையாளம். சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே சீழ் கட்டினால் எலும்புக்குச் சத்து போகிற வழி அடைபடும், அது செத்துக் கரைந்து காது சுருங்கிக் கோணிவிடும். அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜரி செய்தாலும் பழைய வடிவம் முழுசாக வருவது கடினம்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரத்தில் வாழ்வது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்ட பலருக்கு இது வந்தது. தேடிப் பார்த்தபோது, கிருமி இருந்தது சுத்தம் செய்வதற்காகத் தெளிக்கும் மருந்து பாட்டிலிலேயே. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது இந்தக் கிருமியிடம் பலிக்காது.

"திருகாணி சதைக்குள்ளயே போயிடுச்சு, பின்னாடி காணோம்!"

தண்டு குட்டை, மேலே வீக்கம், அதற்கு மேல் "தொலையாம இருக்கட்டும்" என்று இறுக்கித் திருகிய திருகாணி. மூன்றும் சேர்ந்தால் தோல் அதன் மேலேயே மூடி வளர்ந்துவிடும். வீட்டில் ஊக்கு வைத்து நோண்டாதீர்கள், முன்னாலிருந்து அழுத்தவும் செய்யாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார்கள், சில நிமிட வேலை. இது வராமல் இருக்க, முதல் நாளே தோட்டுக்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத் திருகச் சொல்லுங்கள். முதல் கேள்வியில் சொன்ன வீக்கத்துக்கு அந்த இடம் வேண்டும்.

"ஓட்டை பக்கத்துல சின்ன உருண்டை வந்திருக்கு. கெலாய்டா?"

குத்திய சில வாரங்களிலேயே சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் வருகிற உருண்டை என்றால் அநேகமாக அது ஓயாத உரசலால் வரும் சதை வளர்ச்சி. திருகுவதையும் ஒருக்களித்துப் படுப்பதையும் நிறுத்தினாலே பல சமயம் வற்றிவிடும். கெலாய்டு, அதாவது தடித்து வளரும் தழும்பு, வேறு ரகம். காது ஆறி மாதக்கணக்கான பிறகு, கெட்டியாக, வழவழப்பாக, ஓட்டையின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். கறுத்த தோலில் அதிகம் வரும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். 2005-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், 11 வயதுக்கு முன் குத்தியவர்களை விட அதற்குப் பின் குத்தியவர்களுக்குக் கெலாய்டு கூடுதலாக வந்திருந்தது.

வெட்டி எடுத்தால் போச்சு என்று நினைக்காதீர்கள். வெட்டுவது மட்டும் என்றால் பல சமயம் திரும்பி வரும், முன்பை விடப் பெரிதாகவும் வரலாம். ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம் தரும் கிளிப் என்று சேர்த்துத்தான் செய்வார்கள். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ தழும்பு தடித்து வளர்ந்த கதை வீட்டில் இருந்தால், மூன்றாவது நாலாவது ஓட்டை ஆசையை விட்டுவிடுங்கள்.

"ஜிமிக்கி எப்ப போடலாம்? அடுத்த மாசம் சித்தி பொண்ணு கல்யாணம்."

அடுத்த மாதம் முடியாது. கீழ்க்காதில் 8 வாரம் கழித்துத் தோட்டை மாற்றலாம், மெல்லிய தண்டுள்ள இன்னொரு சின்னத் தோடாக. கழற்றிய கையோடு அடுத்ததை ஏற்றிவிட வேண்டும். கனமான ஜிமிக்கிக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், போட்டாலும் மாட்டல் வைத்துக் கனத்தைத் தலைமுடிக்குப் பகிர்ந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் காதைச் சுற்றி மாட்டும் செவிப்பூ மாதிரி எதையாவது பாருங்கள், புது ஓட்டையில் தொங்கவிடாமல்.

"ஒரு நாள்தான் கழட்டி வச்சேன், மறுநாள் ஏறல. வேப்பங்குச்சி செருகி வைக்கலாமா?"

புது ஓட்டை சில மணி நேரத்திலேயே சுருங்கும், அப்படித்தான் ஆகும். வேப்பங்குச்சி, விளக்குமாற்று ஈர்க்கு இரண்டும் ஆறிய ஓட்டையில் பல தலைமுறையாக இருந்து வந்தவைதான். ஆறாத ஓட்டையில் வேண்டாம், சிலாம்பு உள்ளே ஒடிந்து நின்றுவிடும். குளித்த பிறகு தோல் இளகியிருக்கும்போது, கழுவிய மெல்லிய தண்டுள்ள தோட்டைப் பின்பக்கத்திலிருந்து ஒரு தடவை முயன்று பாருங்கள். போகவில்லை என்றால் வம்படியாகக் குத்தாமல் குத்தியவரிடமே போங்கள்.

"எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கணும், கழட்டச் சொல்றாங்க. ஓட்டை தூர்ந்துடாதா?"

கழற்றத்தான் வேண்டும், ஸ்கேன் மெஷினின் காந்தத்தோடு பேரம் பேச முடியாது. அவசரமில்லாத ஸ்கேன் என்றால் டாக்டரைக் கேட்டுக் காது ஆறிய பிறகு தேதி வாங்குங்கள். அவசரம் என்றால், உலோகம் இல்லாத கண்ணாடித் தண்டு போட்டுக்கொள்ளலாமா என்று ஸ்கேன் சென்டரில் முன்கூட்டியே கேளுங்கள். தூர்ந்தாலும் போகட்டும், மறுபடி குத்திக்கொள்ளலாம்.

"எனக்கு அம்பது வயசு, சுகர் இருக்கு. செகண்ட் ஹோல் ஆசையா இருக்கு, குத்தலாமா?"

ஆசைக்கு வயசில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் குத்தலாம், ஆறுவது மட்டும் மற்றவர்களை விடக் கொஞ்சம் தாமதமாகும். எகிறிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள், சின்னப் புண்ணும் பெரிதாகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டுக் குத்தப் போகக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மேல்காது உங்களுக்கு வேண்டாம், கீழ்க்காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"பழைய ஓட்டை அறுந்து ரெண்டா தொங்குது. தையல் போட்டா அதே எடத்துல திரும்பக் குத்தலாமா?"

தையல் போட்டால் சேர்ந்துவிடும், கீழ்க்காதை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்யும் வேலைதான். ஆனால் தையல் தழும்பு பழைய சதை அளவுக்கு உறுதி கிடையாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, தழும்பின் மேலேயே குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குத்துவார்கள். அப்போதும் புதுக் காதுதான், கழுவுவதிலிருந்து எல்லாம் முதலிலிருந்து.

"ஒரு காதுல மேலயும் ஒரு காதுல கீழயுமா குத்திட்டாங்க. இப்பவே மாத்தி நேராக்க முடியுமா?"

இப்போது முடியாது. ஆறாத புண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சதை கிழிந்துபோகலாம். மனசு ஒப்பவில்லை என்றால் அந்தக் காதில் மட்டும் தோட்டை எடுத்துவிட்டு, தூர்ந்து மூன்று மாதம் ஆனதும் குத்துங்கள். அதற்கு முன், நேராக உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். பலருக்கு இரண்டு காதுமே ஒரே உயரத்தில் இருக்காது, ஓட்டை சரியாகத்தான் இருக்கும். அடுத்த முறை குத்தும் முன் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லி, கண்ணாடியில் நீங்களே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு குத்தச் சொல்லுங்கள்.